மலைமண்ணில் மனிதத் தடம்: நீலகிரிப் புல்வெளி விவாதத்தை முன்வைத்து

ஒரு பழைய கேள்வி

நீலகிரி மேட்டுநிலத்தின் உயரமான பகுதிகளில் இரண்டு வகை நிலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. அதைச் சுற்றிச் சரிவுகளிலும் குன்றுகளின் தலையிலும் புல்வெளி. காடு மெல்ல மெல்லக் குறைந்து புல்லாக மாறுவதில்லை. சில அடிகளுக்குள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிவிடுகிறது. ஒரே மழை பெறும், ஒரே பாறையின்மீது அமைந்த நிலத்தில் இவ்வளவு கூர்மையான எல்லை எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு 1938ஆம் ஆண்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எதிரெதிரான இரண்டு விடைகள் வெளிவந்தன. புல்வெளியும் சோலையும் தத்தம் இடத்தில் இயல்பாக நிலைபெற்றவை என்றார் சி. ஆர். ரங்கநாதன். மார்கழி, தை மாதங்களில் திறந்த சரிவுகளில் இறங்கும் உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைக் கொன்றுவிடுகிறது. எனவே அங்கே புல் மட்டுமே நிற்கிறது என்பது அவர் வாதம். என். எல். போர் இதை ஏற்கவில்லை. மனிதர் வைத்த தீயும் அவர்களுடைய மந்தைகளின் மேய்ச்சலும் காட்டைப் பின்னுக்குத் தள்ளியதன் விளைவே புல்வெளி என்றார். பின்வந்தவர்கள் பல பத்தாண்டுகள் இந்த இரண்டு அணிகளில் ஏதாவது ஒன்றில் நின்றுகொண்டுதான் பேசினார்கள்.

இந்த விவாதம் இதழ்ப் பக்கங்களோடு முடிந்துவிடவில்லை. புல்வெளி மனிதர் கெடுத்த காடு என்றால், அதில் மரம் நடுவது சீரமைப்பு. நிலவருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகையும் பைனும் நடப்பட்டதற்கு அந்த எண்ணம் துணைநின்றது. அதே எண்ணத்தின் மறுபக்கம், எருமை மேய்க்கும் தோடர்கள் காட்டை அழித்தவர்கள் என்ற குற்றச்சாட்டு. புல்வெளி இயற்கையானது என்ற விடையும் அவர்களுக்கு முழுதாக நன்மை செய்துவிடவில்லை. இயற்கையானதென்றால் அதைக் காக்க மனிதரை விலக்கிவைக்க வேண்டும் என்ற அடுத்த அடியை எடுத்துவைப்பது எளிதாகிவிட்டது. எந்த விடை வந்தாலும் இழப்பு மேய்ச்சல் மக்களுக்கு என்றால், கேள்வி கேட்கப்பட்ட விதத்தையே பரிசோதித்தாக வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு நம் கையிலுள்ள வலுவான சான்று மண். அது எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணை ஆவணமாகப் படித்தல்

மனிதர் வாழ்ந்த இடத்தில் மண்ணின் வேதியியல் மாறிவிடுகிறது என்பது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. சுவீடனில் 1920களில் பீட்ரூட் சர்க்கரைப் பயிருக்காக வயல்மண்ணை ஆராய்ந்த ஒலோஃப் அரேனியஸ், சில இடங்களில் பாஸ்பரஸ் வழக்கத்தைவிட மிகுந்திருப்பதையும், அந்த இடங்கள் பழங்காலக் குடியிருப்புகளோடு பொருந்துவதையும் கவனித்தார். எலும்பு, சாம்பல், சாணம், மலம், உணவுக் கழிவு ஆகிய எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. மண்ணில் சேர்ந்தபின் அது இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் பிணைந்து இடம்பெயராமல் தங்கிவிடுகிறது. கட்டடம் இல்லை, பானையோடு இல்லை என்றாலும் மக்கள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம் இதுதான்.

ஆனால் பாஸ்பரஸ் மிகுதி என்பது பொதுச் சொல். அது மனிதரால் வந்ததா, மாட்டால் வந்ததா என்பதை அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது கழிவில் தங்கும் ஸ்டீராய்டு மூலக்கூறுகள். மனிதக் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் கொலஸ்ட்ராலைக் கோப்ரோஸ்டனால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அசைபோடும் விலங்குகள் தின்பது தாவரம். எனவே அவற்றின் சாணத்தில் தாவர ஸ்டீராலிலிருந்து வந்த வேறொரு ஸ்டனால் மேலோங்குகிறது. பித்த அமிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் பன்றியையும் பிரித்தறியலாம். எலும்பே மிஞ்சாத அமிலமண்ணிலும் இந்த மூலக்கூறுகள் பல நூற்றாண்டுகள், சாதகமான இடங்களில் பல்லாயிரம் ஆண்டுகள்கூட எஞ்சுகின்றன.

தாவரங்களைப் பற்றிப் பேசுவது கார்பனின் ஐசோடோப்பு விகிதம். மரங்களும் குளிர்நிலப் புற்கள் பலவும் சி-3 என்ற ஒளிச்சேர்க்கை வழியைப் பின்பற்றுகின்றன. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி-4 வழியைச் சேர்ந்தவை. கார்பன்-13இன் அளவைத் தரவிகிதத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்று கணக்கிட்டால், முதல் வகைக்குச் சராசரியாக 27 பங்கும் இரண்டாம் வகைக்கு 12 முதல் 14 பங்கும் குறைவாக வரும். இலையும் வேரும் மக்கி மண்ணானாலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் அழிவதில்லை. எனவே மண்ணடுக்கு ஒன்றின் கரிமப் பொருளை அளந்தால், அது உருவான காலத்தில் அந்த இடத்தில் எந்த வகைத் தாவரம் மேலோங்கியிருந்தது என்று மதிப்பிடலாம்.

இவற்றோடு கரித்துகள், கரியிலிருந்து பிரித்தெடுக்கும் பென்சீன் அமிலங்கள், எரிந்த மண்ணில் கூடும் காந்தத்தன்மை, சாணத்தில் வளரும் பூஞ்சைகளின் வித்துகள், புல்லின் உடலிலிருந்து மண்ணில் தங்கும் சிலிக்காத் துகள்கள் என்று வரிசை நீள்கிறது. மண்ணைக் குலைக்காமல் பிசினில் இறுக்கி மெல்லிய தகடாகச் சீவி உருப்பெருக்கியில் பார்க்கும் முறையை வால்டர் குபியேனா 1938இல் நூலாகவே எழுதிவிட்டார். மிதித்து இறுகிய தரையும் தானாகப் படிந்த வண்டலும் அந்தத் தகட்டில் வெவ்வேறாகத் தெரியும்.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாவரத்தைப் பற்றிச் சொல்லும் சான்றை மனிதரைப் பற்றிய சான்றாக வாசிப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நேரும் பிழை. நீலகிரி விவாதத்தில் அது நேர்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

மலைமண் தரும் சிக்கல்கள்

சமவெளியில் மண்ணடுக்கை மேலிருந்து கீழாகப் படித்தால் காலத்தில் பின்னோக்கிப் போகலாம் என்ற எளிய விதி பெரும்பாலும் செல்லும். மலையில் அது அவ்வளவு உறுதியாகச் செல்லாது. சரிவில் மண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே அரித்தது கீழே மூடுகிறது; பழைய மண் புதிய மண்ணின் மேல் வந்து படிவதும் உண்டு. ஓர் இடத்தில் மனிதத் தடயம் இல்லை என்பதற்கு, அங்கே மனிதர் இருந்ததில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அவர்கள் நின்ற மண் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது என்றும் பொருள் கொள்ளலாம்.

காலக்கணிப்பும் கடினம். ஒரு கரித்துண்டுக்குக் கிடைக்கும் கதிரியக்கக் கார்பன் வயது அந்த மரம் வளர்ந்த காலத்தைக் குறிக்கிறது. மண்ணின் கரிமப் பொருளோ பழையதும் புதியதும் கலந்த கலவை. வேர்களும் மண்புழுக்களும் இளைய கார்பனைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கின்றன. எனவே மண்ணுக்குக் கிடைக்கும் வயது ஒரு சராசரி. பெரும்பாலும் உண்மையைவிட இளமையான சராசரி. நீர் தேங்கிய சதுப்புக்கரியில் இந்தக் கலப்பு மிகக் குறைவு. மலையாய்வில் சதுப்புகள் முதன்மை பெறுவது இதனால்தான்.

நீலகிரிக்கே உரிய ஒரு கண்ணி அதன் மண்ணின் நிறத்தில் இருக்கிறது. மேட்டுநிலத்தின் மேல்மண் தடித்த கரியநிற மண். தீயைத் தேடிப்போகும் கண்ணுக்கு இந்தக் கருமை, காலங்காலமாக எரிந்த கரி என்று தோன்றிவிடும். லாரன் கனேரும் அவரது பிரெஞ்சுச் சகாக்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கத்தைத் தந்தது. எரிமலைச் சாம்பலில் உருவாகும் ஆண்டிசால் வகை மண்ணின் பண்புகள், எரிமலையே இல்லாத நீலகிரியில் காணப்படுகின்றன. மிகப் பழங்காலத்தில் சிதைந்த பாறைமண்ணிலிருந்து வந்த அலுமினியமும் இரும்பும் கரிமப் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. குளிரும் ஈரமும் அது மக்குவதைத் தாமதப்படுத்துகின்றன. அதாவது, மண் கறுப்பாக இருப்பதற்கு யாரும் தீ வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கரி இருக்கிறதா என்பதைத் தனியே அளந்துதான் அறிய வேண்டும்.

இதே மண்ணின் அமிலத்தன்மை எலும்பைக் கரைத்துவிடும். ஆனால் அதே அலுமினியமும் இரும்பும் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். தொல்லியலாளர் கண்ணால் காணும் தடயங்களைக் குறைக்கிற மண், வேதியியலாளருக்கு உரிய தடயத்தைக் காத்துவைக்கிறது.

சாண்டிநல்லாவின் சாட்சியம்

உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாப் பகுதியின் சதுப்புகளில் மகரந்த ஆய்வுகள் 1970களிலேயே வெளிவந்திருந்தன. திருப்பம் 1993இல் வந்தது. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிச் சதுப்புக்கரியின் கார்பன் ஐசோடோப்பு வரலாற்றை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். கடந்த 20,000 ஆண்டுகளை உள்ளடக்கிய அந்தப் பதிவில், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் சி-4 புற்களின் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது சி-3 தாவரங்கள் பெருகின. பிறகு, இன்றைக்குச் சுமார் 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைவெளியில் வறட்சியின் சாயல் மீண்டும் தோன்றியது.

இதன் முதல் விளைவு மறுக்க முடியாதது. கடைசிப் பனியுகத்தில் தென்னிந்தியாவில் எங்கும் கால்நடை வளர்ப்பு இல்லை. அது இங்கே வேர்கொண்டது புதிய கற்காலத்தில், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்புதான். எனவே நீலகிரிப் புல்வெளி மேய்ப்பர்களால் உருவாக்கப்பட்டது என்ற போரின் வாதம், தோற்றத்தைப் பொறுத்தவரை, வீழ்ந்துவிட்டது. மந்தை வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புல் இங்கே இருந்தது. மரம் நடுவதைச் சீரமைப்பு என்று சொன்னவர்களின் அடிப்படையும் அத்துடன் போய்விட்டது.

ஆனால் அந்தப் பதிவு சொல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும்.

சி-4 முத்திரையை வறட்சி என்று மட்டும் வாசிக்க முடியாது. பனியுகத்தில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு பத்து இலட்சத்தில் 190 பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் அது 280. அவ்வளவு குறைந்த அளவில், மழை போதுமானதாக இருந்தாலும் மரங்கள் தளர்ந்து சி-4 புற்கள் வெல்லும். கீழை ஆப்பிரிக்க மலை ஏரிகளின் படிவுகளை முன்வைத்து 1997இல் ஸ்ட்ரீட்-பெரட் குழுவினர் இதையே வாதிட்டார்கள். மறுபுறம், சி-3 முத்திரை என்றாலே காடு என்றும் ஆகாது. நீலகிரிப் புற்களில் சி-3 வழியைச் சேர்ந்தவையும் உண்டு. சதுப்பு தன் நீர்ப்பிடிப்பின் சராசரியைத்தான் பதிவுசெய்கிறது. எந்தச் சரிவில் சோலை, எந்தச் சரிவில் புல் என்பதை அது பிரித்துக் காட்டாது. கனேர் குழுவினர் மேட்டுநிலத்தின் வெவ்வேறு இடங்களில் எடுத்த மண்ணடுக்குகளை வைத்து 2007இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்தே, காலநிலை மாறியபோது மேட்டுநிலம் முழுவதும் ஒரேமாதிரி எதிர்வினை காட்டவில்லை என்பதுதான். ‘நீலகிரிப் புல்வெளி’ என்று ஒருமையில் பேசுவதே அந்தச் சான்றுக்குப் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த 5,000 முதல் 2,000 ஆண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் வறட்சி கூடியதற்கு இந்தியத் துணைக்கண்டத்தின் பிற பகுதிகளிலும் சான்றுகள் உண்டு; ஆகவே காலநிலை விளக்கம் வலுவானது. ஆனால் தென்னிந்தியாவில் மந்தை வளர்ப்பு பரவியதும் அதே இடைவெளியில்தான். புல் கூடியது மழை குறைந்ததாலா, தீயாலா, மேய்ச்சலாலா, இவை சேர்ந்ததாலா? மூன்றும் கார்பன் விகிதத்தை ஒரே திசையில்தான் தள்ளும். 1993இன் அளவீடு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை தர அதனால் இயலாது. அதன் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டது காலநிலை வரலாற்றை. அதைக் கையிலெடுத்துக்கொண்டு ‘தோடருக்கும் புல்வெளிக்கும் தொடர்பில்லை’ என்று முடிவுகட்டியது பின்னால் வந்த வாசிப்பு. தோற்றத்தைப் பற்றிய விடையைப் பராமரிப்பைப் பற்றிய விடையாக மாற்றிக்கொண்டார்கள்.

பாலே மலையின் பாறைக்குடில்

மனிதரைப் பற்றிய கேள்வியை மலைமண்ணிடம் நேரடியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு எத்தியோப்பியாவின் பாலே மலைத்தொடர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 3,469 மீட்டர் உயரத்தில் ஃபிஞ்சா ஹபேரா என்ற பாறைக்குடில் இருக்கிறது. கொலோன் பல்கலைக்கழகத்தின் கோட்ஸ் ஒஸெண்டார்ஃப் தலைமையில் தொல்லியலாளர்கள், மண்ணியலாளர்கள், பனியாற்று ஆய்வாளர்கள், தாவரவியலாளர்கள் அடங்கிய குழு 2019 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் தன் முடிவுகளை வெளியிட்டது. இன்றைக்கு 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன்பு, மேலே உச்சிகளில் பனியாறுகள் இருந்த காலத்தில், இடைக் கற்கால மனிதர் அந்தக் குடிலுக்கு மீண்டும் மீண்டும் வந்து தங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் உண்டது பெரும்பாலும் அந்த மலைக்கே உரிய பெருவளை எலிகளை. எரிந்த எலும்புகள் அடுப்புகளோடு கிடைத்தன. கருவிகளுக்கான எரிமலைக் கண்ணாடிக் கல்லை 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து எடுத்துவந்திருக்கிறார்கள். உயர்மலைகளை மனிதர் மிகப் பிந்தித்தான் எட்டினார்கள் என்ற பழைய எண்ணத்தை இந்தக் கண்டுபிடிப்பு அசைத்தது.

இங்கே நம் கவனத்துக்குரியது முடிவைவிட முறை. கல்லும் எலும்பும் மனிதர் வந்துபோனதைக் காட்டின. அவர்கள் அங்கே தங்கினார்களா, கடந்து சென்றார்களா என்பதற்குக் கூடுதல் சான்று வேண்டியிருந்தது. படிந்திருந்த மலக்கட்டிகளையும் மண்ணின் ஸ்டீராய்டு மூலக்கூறுகளையும் ஹாலே பல்கலைக்கழகத்தின் புரூனோ கிளாசர் முதலானோர் ஆராய்ந்து மனிதக் கழிவை மற்ற விலங்குகளின் கழிவிலிருந்து பிரித்தார்கள். மேலடுக்குகளில் அண்மைக்கால மேய்ப்பர்களின் மந்தைச் சாணம் தடித்துக் கிடந்தது. அதைப் பழைய அடுக்கோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் அந்தப் பகுப்பே உதவியது. தனித்தனியே ஐயத்துக்கு இடமளிக்கும் சான்றுகள், ஒரே அடுக்கில், ஒரே காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. எந்த ஓர் அளவீட்டையும் தனியே நம்பி அவர்கள் மனிதரைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. பாறைக்குடில் மழை படாத இடம். படிந்தது அப்படியே கிடக்கும். நீலகிரியின் திறந்த சரிவுகளில் அந்த வாய்ப்பு இல்லை. பாலேயின் முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டுவர முடியாது. எந்த இடத்தில் மண் அசையாமல் இருந்திருக்கும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மந்தையின் தடம்

மேய்ச்சல் மக்கள் தொல்லியலில் மெலிந்து தெரிபவர்கள். கல்வீடு கட்டுவதில்லை, பானை அதிகம் உடைவதில்லை, இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பயிரிடுவோர் நிலை வேறு. பெருவின் கோல்கா பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாகப் பயிரிடப்பட்ட படிக்கட்டு வயல்களை ஆராய்ந்த ஜோனதன் சேண்டர், அங்கே மேல்மண் தடித்து, கரிமப் பொருளும் பாஸ்பரஸும் கூடி, பக்கத்திலுள்ள பயிரிடாத நிலத்தைவிட வளமாகியிருப்பதைக் காட்டினார். மேய்ப்பருக்கு அப்படிப்பட்ட படிக்கட்டுகள் இல்லை. ஆனால் மந்தை இரவில் ஓரிடத்தில் அடைக்கப்படுகிறது. பகலெல்லாம் பரந்த புல்வெளியில் தின்றதை இரவில் ஒரு சிறு வட்டத்துக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. மேய்ச்சலின் வரலாறு தொழுவத்தின் தரையில்தான் குவிந்திருக்கிறது.

கென்யாவின் தென்மேற்கில் ஃபியோனா மார்ஷல் குழுவினர் 2018இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது இதைத்தான். புதிய கற்கால மேய்ப்பர்கள் மந்தையை அடைத்த இடங்கள், கைவிடப்பட்டு 1,550 முதல் 3,700 ஆண்டுகள் வரை கடந்தபின்னும், சுற்றியுள்ள நிலத்தைவிடப் பாஸ்பரஸும் பிற சத்துகளும் மிகுந்து இருந்தன. அங்கே வளரும் புல் வேறு. அதைத் தேடி வரும் காட்டு விலங்குகளும் அதிகம். மேய்ச்சல் என்றாலே நிலச்சீரழிவு என்று பழகிப்போன சிந்தனைக்கு மண்ணிலிருந்தே வந்த மறுப்பு இது.

ஆல்ப்ஸ் மலையில் வேறொரு வழி. பிரான்சில் 2,063 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டெர்ன் ஏரியின் படிவிலிருந்து மரபணுத் துணுக்குகளைப் பிரித்தெடுத்த ஜிகே-கோவே குழுவினர், எந்தக் காலத்தில் எந்தக் கால்நடை அந்த நீர்ப்பிடிப்பில் மேய்ந்தது என்பதை 2014இல் வெளியிட்டார்கள். இரும்புக் காலத்தின் பிற்பகுதியிலும் ரோமானியர் காலத்திலும் ஆடும் மாடும் மிகுந்ததையும், அதனோடு மண்ணரிப்பு கூடியதையும் ஒரே படிவில் காண முடிந்தது. கென்யா நிலத்தை வளப்படுத்திய மந்தையைக் காட்டியது. ஆன்டெர்ன் மண்ணை அரிக்கவிட்ட மந்தையைக் காட்டியது. எது நடந்தது என்பது அந்தந்த மலையில் அளந்து அறிய வேண்டியது, முன்கூட்டியே அனுமானிக்கக்கூடியதல்ல.

இதற்கு நாம் வெளிநாட்டை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பெல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிகளின் சாம்பல் மேடுகள் எரிமலையால் வந்தவை என்றும் உலோகம் உருக்கிய கசடு என்றும் நெடுங்காலம் பேசப்பட்டவை. உட்னூரில் 1957இல் எஃப். ஆர். ஆல்சின் நடத்திய அகழ்வும், எஃப். இ. ஸாய்னர் செய்த பொருளாய்வும் அவை எரிந்த மாட்டுச் சாணம், அந்த இடங்கள் புதிய கற்கால மாட்டுத் தொழுவங்கள் என்பதை நிலைநாட்டின. மண்ணைப் படித்து மேய்ப்பரைக் கண்டறியும் மரபு தென்னிந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு முந்தியது. அதை மலைமேல் ஏற்றுவதுதான் மிச்சம்.

நீலகிரியில் அதற்கு ஏற்ற இடங்கள் கண்ணெதிரில் உள்ளன. தோடரின் குடியிருப்புகளான மந்துகளை ஒட்டிய வட்டமான கற்சுவர் எருமைத் தொழுவங்களும், ஆள் பெயர்ந்துபோன பழைய மந்துகளும் மண் அதிகம் அசையாத மட்டமான தரையில் இருப்பவை. தோடரின் பெயர் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசனின் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வருகிறது. அதற்கு முன் எவ்வளவு காலம் எருமைகள் இங்கே மேய்ந்தன என்பதற்கு எழுத்து உதவாது. தொழுவத் தரையின் ஸ்டனால்கள், பாஸ்பரஸ், அடியடுக்கின் கரித்துண்டு ஆகியவற்றைக் கொண்டு அதைக் கேட்க முடியும். மலையுச்சிகளில் கல் அடுக்கிய ஈமவட்டங்களும் உண்டு. நீலகிரியின் ஆணையராக இருந்த ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் அவற்றில் பலவற்றை அகழ்ந்தார். அவர் இறந்தபின் 1873இல் அவருடைய நூல் வெளிவந்தது. விலங்குருவங்கள் நிற்கும் சுடுமண் மூடிகளும் வெண்கலக் கிண்ணங்களும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. அந்தக் காலத்து அகழ்வின் கவனம் முழுக்கப் பொருள்மீது. பொருளைச் சூழ்ந்திருந்த மண்ணில்தான் இன்றைய கேள்விகளுக்கான விடைகள் இருந்தன. எனவே இன்னும் குலையாமல் நிற்கும் வட்டங்களைப் பொருளுக்காகத் திறப்பதை நான் எதிர்க்கிறேன். அவற்றின் அடிமண் கட்டப்பட்ட நாளில் மூடப்பட்ட மண். அந்த நாளில் அங்கே இருந்தது புல்லா காடா என்பதைச் சொல்லக்கூடிய, மலையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத முத்திரையிட்ட அடுக்கு அது.

தீ

மேய்ச்சல் மக்கள் வறண்ட மாதங்களில் முதிர்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். மழை பெய்ததும் இளம்புல் துளிர்க்கும். தோடரிடமும் இந்த வழக்கம் இருந்தது. வனத்துறை அதைத் தடை செய்தது. தீ புல்வெளியைக் காத்ததா, சோலையைத் தின்றதா என்பதில் இன்றும் கருத்து மோதல் உண்டு.

மண்ணில் கரியை அளக்கலாம். யார் வைத்த தீ என்பதைக் கரி சொல்லாது. கோடை இடி மின்னலும் புல்லைக் கொளுத்தும். ஆனால் காலத்தோடு சேர்த்துப் படித்தால் சிலவற்றைப் பிரிக்க முடியும். வறட்சி கூடிய அடுக்குகளில் மட்டும் கரி கூடியிருந்தால் காலநிலைக்கு முதலிடம். மழை மிகுந்த காலத்திலும் கரி குறையாமல் சீராக வந்து, அதே அடுக்கில் சாணப்பூஞ்சை வித்துகளும் அசைபோடும் விலங்கின் ஸ்டனாலும் கூடியிருந்தால், மேய்ப்பரின் தீ என்று சொல்ல வலுவான காரணம் கிடைக்கும். அந்தக் கரி மரக்கரியா புற்கரியா என்பதையும் பார்க்க வேண்டும். புற்கரி மட்டுமே வந்துகொண்டிருந்தால், தீ பெரும்பாலும் புல்வெளிக்குள்ளேயே எரிந்து அடங்கியது, காட்டை விழுங்கவில்லை. போருக்கும் ரங்கநாதனுக்கும் இடையிலான வழக்கில் இந்த ஒரு வேறுபாடு பல ஆண்டு வாதங்களைவிட அதிகம் தீர்த்துவைக்கும். உலோகவேலையும் மட்பாண்டமும் செய்யும் நீலகிரிக் கோத்தரின் கொல்லுலைகளும் சூளைகளும் மரக்கரியைச் சேர்த்திருக்கும் என்பதால் அவர்களுடைய ஊர்களுக்கு அருகே எடுக்கும் மண்ணைத் தனியே கணக்கில் கொள்ள வேண்டும். உலையடி மண்ணின் காந்தத்தன்மை அதற்கு உதவும்.

புல்வெளி பனியாலும் காற்றாலும் தோன்றி, மனிதரின் தீயாலும் மந்தையாலும் இன்றைய எல்லைகளில் நிலைநிறுத்தப்பட்டது என்பதே கிடைத்திருக்கும் சான்றுகளுக்கு மிகப் பொருத்தமான கருதுகோள் என்று நினைக்கிறேன். ரங்கநாதன் தோற்றத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னார். போர் சொன்ன தீயும் மந்தையும் தோற்றத்துக்கல்ல, அண்மைய சில ஆயிரம் ஆண்டுகளின் வரலாற்றுக்குப் பொருந்தலாம். இதைக் கருதுகோள் என்றே சொல்கிறேன். தொழுவங்களிலும் சிறு சதுப்புகளிலும் கரியும் ஸ்டனாலும் ஒருசேர அளக்கப்படும் வரை அதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமையில்லை.

எங்கே தோண்டுவது, யாருடன்

பெரிய சதுப்புகள் பெரிய நீர்ப்பிடிப்பின் சராசரியைத் தருகின்றன. மனிதரைத் தேடுவதற்கு வேண்டியவை சிறு சதுப்புகள். ஒரு மந்தை, ஒரு சரிவு, ஒரு சோலை ஓரம் என்று சுருங்கிய எல்லை கொண்டவை. சோலைக்கும் புல்லுக்கும் இடையிலான எல்லைக்குக் குறுக்கே, காட்டின் உள்ளிருந்து புல்வெளி வரை நேர்கோட்டில் மண்ணடுக்குகள் எடுத்தால், எல்லை எப்போது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்கலாம். தொழுவத் தரையோடு, அதே சரிவில் யாரும் தங்காத இடத்து மண்ணையும் ஒப்பீட்டுக்காக எடுக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத பாஸ்பரஸ் எண் எதையும் நிரூபிக்காது.

மந்துகளும் எருமைப்பால் பதப்படுத்தும் கோயில்களான பால்மடங்களும் தோடருக்குப் புனிதமானவை. எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. எந்தத் தொழுவம் எந்தக் குலத்தாருடையது, எப்போது கைவிடப்பட்டது, எந்தச் சரிவில் எந்த மாதம் தீ வைப்பார்கள், எருமைகள் கோடையில் எந்தப் பக்கம் பெயர்ந்தன என்பவை இல்லாமல் மண்ணெடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தபின், மேய்ச்சல் உரிமை குறித்த வாதங்களில் இத்தகைய ஆய்வின் முடிவுகள் எடுத்தாளப்படும் என்பதையும் ஆய்வாளர் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு அவர்களுக்குச் சாதகமாக அமையாமலும் போகலாம் என்பதையும் சேர்த்து.

காலம் அதிகம் இல்லை. அண்டை மலைத்தொடரான பழனியில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டதை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நீலகிரியில் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் உழுது கிளறிய சரிவுகளில் மேலடுக்குகள் ஏற்கெனவே கலந்துவிட்டன. சீகையின் வேர்கள் எஞ்சிய அடுக்குகளுக்குள் இறங்கிப் புதிய கார்பனைக் கலக்கின்றன. சதுப்புகளில் நீர் வற்றினால் சதுப்புக்கரி காற்றுப்பட்டு மக்கத் தொடங்கும். அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நடக்கும் இடங்களில், வேரைப் பிடுங்குவதற்கு முன் மண்ணடுக்கைப் பதிவுசெய்து மாதிரி எடுத்துவைப்பதை அந்தப் பணியின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். அதற்குக் கூடுதலாக வேண்டியவை ஒரு குழாய்த் துளையிடு கருவி, மாதிரிகளைக் குளிரில் வைக்க ஓர் அறை, வனத்துறையின் ஒரு பக்க ஆணை.